மருதம்பட்டையும் மருந்தாராய்ச்சியும்

ஓசூரிலிருந்து தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மலைச்சரிவில் இறங்கிச் செல்வோர் முடிவில் காவிரிக்கரையை அடைவர். கோடையில் அந்தக் காடு முழுவதும் இலையுதிர்த்துக் கருகிக் கிடக்கும். ஆற்றோரம் மட்டும் பசுமை நீளும். அந்தப் பசுமைக்குக் கீழே யானைக்கால் போன்ற பருத்த, வெளிறிய அடிமரங்கள் வரிசையாக நிற்கும். அவை மருதமரங்கள். சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கும் வரையில் அதன் கரைகளிலும் இம்மரங்களைக் காணலாம்.

எங்களுடையது மூன்று மொழிகள் புழங்கும் எல்லை வட்டாரம். ஒரே மரத்தைத் தமிழர் மருது என்பர். கன்னடம் பேசுவோர் ஹொளெமத்தி, அஃதாவது ஆற்றுமத்தி என்பர். தெலுங்கு பேசுவோர் தெல்லமத்தி, அஃதாவது வெண்மத்தி என்பர். வடமொழியில் இதற்கு அர்ஜுனம் என்று பெயர். அச்சொல்லுக்கும் வெண்மை என்பதே பொருள். ஒருவர் இடத்தைப் பார்த்தார். ஒருவர் நிறத்தைப் பார்த்தார். பண்டைத் தமிழரோ வயலும் வயல் சார்ந்த நிலத்திற்குமே இம்மரத்தின் பெயரைச் சூட்டிவிட்டனர். திருவிடைமருதூர் என்னும் ஊர்ப்பெயரிலும் இது நிற்கிறது. அத்திருக்கோயிலின் தலமரமும் மருதே.

பெயர்களைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மத்தி என்னும் பெயர் எங்கள் பக்கத்தில் ஒரு மரத்திற்கு மட்டும் உரியதன்று. கரிமத்தி என்றும் ஒரு மரம் உண்டு. அதைத் தமிழில் கருமருது என்பர். இரண்டும் கடுக்காயும் தான்றியும் சேர்ந்த ஒரே தாவரக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டன் காய்களுக்கும் ஐந்து சிறகுகள் உண்டு. வேற்றுமை பட்டையில் இருக்கிறது. மருதின் பட்டை வழவழப்பானது. சாம்பல் கலந்த வெண்மை நிறம் உடையது. மெல்லிய தகடுகளாகத் தானே உரிந்து விழும். உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். கருமருதின் பட்டை கறுத்து, தடித்து, முதலையின் முதுகைப் போலக் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். இந்த வேற்றுமையை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதை அறியாததனால் என் வீட்டில் ஓர் ஆபத்து நேர இருந்தது.

2009-ஆம் ஆண்டு என் தமையனாருக்கு இதயம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர் கண்டார். நாள்தோறும் நான்கு வகை மாத்திரைகளை உண்ணச் சொன்னார். அண்ணா சில மாதங்கள் ஒழுங்காக உண்டார். பிறகு யாரோ ஒருவர், மருதம்பட்டைக் கஷாயம் இதயத்திற்கு வஜ்ஜிரம் போன்றது என்று சொல்ல, கடையில் பட்டைப் பொட்டலம் வாங்கி வந்து காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினார். குடித்ததில் தவறில்லை, மாத்திரைகளை நிறுத்திவிட்டதுதான் தவறு. அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. மூன்றாவது வாரத்தில் கால்கள் வீங்கின. ஒரு நாள் பின்னிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துகொண்டு, “தம்பி, படுத்தால் தண்ணீரில் மூழ்குவது போல இருக்கிறதடா” என்றார். எல்லையைக் கடந்து பெங்களூருக்குக் கொண்டு சென்றோம். நல்லவேளையாகப் பிழைத்தார்.

வீடு திரும்பியபின் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது கறுத்துத் தடித்துக் கட்டங்கட்டமாக வெடித்த பட்டை. வனத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பரிடம் காட்டினேன். அவர் கையில் வாங்கியதுமே, “இது கருமருது” என்றார். மாத்திரையை நிறுத்தியவர் மருதைக்கூடக் குடிக்கவில்லை!

ஆனால் உண்மையான மருதம்பட்டையாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது மாத்திரையின் இடத்தை நிரப்பியிருக்குமா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்கு இரசாயனம் கற்பித்தவன் நான். ஆகவே இப்பட்டையை யார் யார் எப்போது ஆராய்ந்தனர், என்ன விடை கண்டனர் என்று தேடிப் படிக்கலானேன். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு வியப்பு. மருது ஆதியிலிருந்தே இதய மருந்தாக இருந்ததில்லை. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலில், எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டுவதற்கேற்ற பட்டைகளின் வரிசையில் இது வருகிறது. புண்ணை ஆற்றவும் இரத்தப்போக்கை நிறுத்தவும் இதைக் கொண்டனர். நம் நாட்டு வைத்தியர்களும் வாய்ப்புண்ணுக்கும் ஆறாத காயத்திற்கும் இதைப் பயன்படுத்துவர். இதய நோய்க்கு இதை விதித்தவர் கி.பி. ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த வாக்படர் என்பர். பிறகு பதினோராம் நூற்றாண்டில் வங்கத்துச் சக்கரபாணி தத்தர் பாலிலும் நெய்யிலும் இதைப் பக்குவப்படுத்தித் தரச் சொன்னார். பாலில் காய்ச்சும் முறைக்கு ஓர் அளவு உண்டு: மருந்து ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு, தண்ணீர் முழுதும் வற்றிப் பால் மட்டும் எஞ்சும் வரை காய்ச்ச வேண்டும். இந்தப் பாலைப் பற்றிப் பிறகு ஒரு சொல் சொல்கிறேன்.

மேனாட்டு இரசாயனம் இப்பட்டையைத் தொட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். தொட்ட இடம் நம் நீலகிரி. 1820-இல் பாரிஸ் நகரத்தில் பெல்லெத்தியே, கவாந்து என்னும் இருவர் சின்கோனாப் பட்டையிலிருந்து குவினைன் என்னும் தனிப்பொருளைப் பிரித்தனர். அன்று முதல், மரப்பட்டை ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சத்து ஒளிந்திருக்கும், அதைப் பிரித்துவிட்டால் மருந்து கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை அறிஞர்களிடையே வேரூன்றியது. நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. அங்கே சென்னை அரசாங்கத்தின் இரசாயன அறிஞராக உதகமண்டலத்தில் பணியாற்றியவர் டேவிட் ஹூப்பர். அவர் டைமாக், வார்டன் என்பாருடன் சேர்ந்து இந்திய மூலிகைகளைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகள் கொண்ட நூலொன்றை உருவாக்கினார். அவர் மருதம்பட்டையையும் எரித்துப் பார்த்தார். நூறு பங்குப் பட்டையில் 34 பங்கு சாம்பலாக எஞ்சியது. அச்சாம்பல் ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பொனேட். பட்டையை நீரில் வடித்த சாற்றில் நூற்றுக்கு 23 பங்கு கால்சிய உப்புகள், 16 பங்கு டானின் என்னும் துவர்ப்புப் பொருள்.

இதை நம்பாதவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம்; நான் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். தானாக உரிந்து விழுந்த மருதம்பட்டையைச் சுட்டுச் சாம்பலாக்கி, அதன்மேல் சில துளி எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். சோடாத் தண்ணீர் போல நுரைத்துப் பொங்கும். கரியமில வாயு வெளியேறுவதனால் வரும் நுரை அது. பட்டைக்குள் கால்சியம் பெரும்பாலும் ஆக்ஸலேட் படிகங்களாக இருக்கிறது. எரிக்கும்போது அது கார்பொனேட்டாக மாறுகிறது. அடுத்து, கஷாயத்தில் ஒரு துளி பெர்ரிக் குளோரைடு விடுங்கள். மை போலக் கறுக்கும். அது டானினின் அடையாளம். இரும்புச் சட்டியில் கஷாயம் காய்ச்சக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதன் இரசாயனமும் இதுவே. மூன்றாவதாக, ஆறிய கஷாயத்தைச் சோதனைக்குழாயில் ஊற்றிக் கட்டைவிரலால் மூடிக் குலுக்குங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரைப் போல நுரை நிற்கும். இந்த நுரையின் உட்பொருளை அறிவதற்கு உலகம் இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1918-இல் சென்னை அரசாங்கம் நாட்டு மருந்துகளைச் சோதிக்கும் பொறுப்பை டாக்டர் எம். சி. கோமன் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். அடுத்த சில ஆண்டுகளில் அவர் பல மூலிகைகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கைகள் வெளியிட்டார். இதயத்தின் தடுக்கிதழ்கள் கெட்டு உடல் வீங்கியவர்களுக்கு நூற்றுக்கு இருபது பங்கு வலிமையுள்ள மருதம்பட்டைக் கஷாயம் கொடுத்தார். பயன் ஒன்றும் காணவில்லை என்று எழுதினார்.

அறிக்கைகள் வெளியானதும் சென்னையில் பெரும் புயல் எழுந்தது. சென்னை ஆயுர்வேத சபையார் மறுப்பு வெளியிட்டனர். ஒவ்வொரு மருந்தையும் தனியே பிரித்துச் சோதிப்பது வைத்திய முறையையே அறியாமல் செய்யும் சோதனை என்பது வைத்தியர் தரப்பின் வாதம். 1921-இல் அரசாங்கம் முகம்மது உஸ்மான் அவர்கள் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 1923-இல் வந்தது. 1925-இல் சென்னையில் அரசாங்க இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆக, ஒரு மருத்துவரின் “பயனில்லை” என்ற சொற்களைச் சுற்றி எழுந்த வழக்கில் ஒரு கல்விக்கூடமே பிறந்துவிட்டது எனலாம்.

கோமனைச் சிலர் நாட்டு வைத்தியத்தின் பகைவர் போலச் சித்திரிக்கின்றனர். அது நியாயமன்று என்பது என் கருத்து. கண்டதைக் கண்டபடி எழுதினார். அவர் கொடுத்தது தண்ணீர்க் கஷாயம்; சக்கரபாணி சொன்னது பாற்பக்குவம். இங்கேதான் முன்னே நான் சொன்ன பால் வருகிறது. துவர்ப்புப் பொருளாகிய டானின், பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்புக் குறைவது இதனால்தான். பாலில் காய்ச்சிய மருதம்பட்டையும் நீரில் காய்ச்சிய மருதம்பட்டையும் வாய்க்கே வேறாகத் தோன்றும்போது, வயிற்றுக்கும் வேறாக இருக்கக்கூடும் அல்லவா? அதனால் பாற்பக்குவம் இதயத்தைக் குணப்படுத்தும் என்று ஆகிவிடாது. கேட்ட கேள்வி வேறு, சோதித்த பொருள் வேறு என்பதே நான் சொல்ல விரும்புவது.

1929-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சோப்ராவும் கோஷும் இப்பட்டையை முறையாக ஆராய்ந்தனர். ஆல்கலாய்டு உண்டா என்று தேடினர், இல்லை. கிளைகோசைடு உண்டா என்று தேடினர். அதுவும் இல்லை என்றனர். 1785-இல் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடியை இதய மருந்தாக உலகுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். அத்தகைய ஒரு பொருள் மருதிலும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அன்று பொய்த்தது. அவர்கள் கண்டது கால்சியமும் டானினுமே.

கால்சியத்திற்கும் இதயத்திற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. அதைக் கண்டுபிடித்த கதையே சுவையானது. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் வெட்டியெடுத்த தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்கச் செய்துகொண்டிருந்தார். வடிநீரில் செய்த கரைசல் என்று எண்ணியிருந்தார். பிறகுதான் அது குழாய்நீரில் செய்யப்பட்டது என்று தெரியவந்தது. உண்மையான வடிநீரில் செய்தபோது இதயம் நின்றுவிட்டது! குழாய்நீரிலிருந்த கால்சியமே அதைத் துடிக்கவைத்தது என்று 1883-இல் எழுதினார். ஆனால் தவளையின் இதயம் கரைசலில் மிதப்பது வேறு. நாம் குடிக்கும் கஷாயம் குடலைக் கடந்து செல்வது வேறு. நம் இரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடலே கண்டிப்பாகக் காத்துவருகிறது. பட்டையிலுள்ள ஆக்ஸலேட்டோ நீரில் எளிதில் கரைவதன்று. மருதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, ஆகவே இதயம் வலுப்படும் என்று சிலர் சொல்வதை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

1930-இல் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தைச் சேர்ந்த கையுஸ், மாஸ்கர், ஐசக்ஸ் என்னும் மூவர் செய்த பணி என் தமையனாரின் பொட்டலத்தோடு நேராகத் தொடர்புடையது. இந்தக் குடும்பத்து மரங்கள் பதினைந்தின் பட்டைகளை வரிசையாக எடுத்து ஒப்பிட்டனர். எல்லாம் ஒரே குணம் காட்டவில்லை. சில சிறுநீரைப் பெருக்கின. சில இதயத்தைத் தூண்டின. அப்படியானால், பட்டையைச் சோதித்தேன் என்று சொல்பவர் முதலில் எந்த மரத்தின் பட்டை என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றாகிறது. கடைத்தெருவில் மத்தி என்றும் மருது என்றும் பெயர்கள் கலந்து கிடக்கும் எங்களைப் போன்ற எல்லை ஊர்க்காரருக்கு இது நூற்செய்தி அன்று, அன்றாடச் செய்தி.

நுரையின் இரகசியம் பிறகே வெளிப்பட்டது. 1954-இல் இங்கிலாந்தில் கிங் முதலிய அறிஞர்கள் மருதின் வைரக்கட்டையிலிருந்து அர்ஜுனோலிக் அமிலம் என்னும் பொருளின் அமைப்பை விளக்கினர். 1970-ஐ ஒட்டி வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்து இராமச்சந்திர ராவ் குழுவினர் பட்டையிலிருந்தே அர்ஜுனிக் அமிலத்தையும் அர்ஜுனெட்டினையும் பிரித்தனர். இவை முப்பது கார்பன் அணுக்கள் கொண்ட டிரைடெர்ப்பீன் வகை. இவ்வகை அமிலங்கள் தனியே நீரில் அதிகம் கரையா. ஒரு சர்க்கரைத் துணுக்கோடு இணைந்தால் நீரை ஓரளவு விரும்பும். அர்ஜுனெட்டின் அத்தகையது: அர்ஜுனிக் அமிலத்தோடு குளுக்கோஸ் சேர்ந்தது. ஒரு முனை நீரை நாடி, மறுமுனை நீரை வெறுக்கும் மூலக்கூறுகள் சோப்பைப் போல நுரைக்கும். நம் சோதனைக்குழாயில் நின்ற நுரையின் விளக்கம் இதுதான். இவற்றோடு பலவகை டானின்களும் பிளேவனாய்டுகளும் சேர்ந்து பட்டைக்குள் ஒரு பெருங்கூட்டமே வாழ்கிறது. சின்கோனாவில் குவினைன் அரசனாக இருப்பதுபோல மருதில் தனியரசன் எவனும் இல்லை.

இனி மனிதர்மேல் நடந்த சோதனைகள். 1995-இல் இந்தூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பரணி குழுவினர், வேறு மருந்துகளுக்கு அடங்காத இதயத் தளர்ச்சியுடைய பன்னிரண்டு பேருக்கு, வழக்கமான மருந்துகளை நிறுத்தாமல், எட்டு மணிக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் மருதம்பட்டைச் சாற்றைக் கொடுத்தனர். அதே நோயாளிகளுக்கு வேறொரு காலப்பகுதியில் வெற்று மாத்திரை கொடுத்தனர். எது எப்போது தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது; சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. நம்முடைய ஆசை நம் கண்ணை ஏமாற்றாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. மருதுண்ட காலத்தில் இதயத்தின் இடக்கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு உயர்ந்தது என்று கண்டனர். 2002-இல் நெஞ்சுவலியுடைய 58 ஆடவரிடம் செய்த சோதனையிலும் நல்ல பலன் என்றே எழுதினர்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பன்னிரண்டு பேர் மிகச் சிறிய கூட்டம். பிறகு டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நூறு நோயாளிகளைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. அவர்களும் வழக்கமான மருந்துகளைத் தொடர்ந்தனர். நாளைக்கு இருமுறை 750 மில்லிகிராம் நீர்ச்சாறு, பன்னிரண்டு வாரம். அதன் முடிவு 2016-இல் வெளியாயிற்று. இடக்கீழறை தள்ளும் பங்கில் வெற்று மாத்திரைக்கும் மருதுக்கும் வேற்றுமை தெரியவில்லை. கோமனுக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் கேள்வி மறுபடியும் மேசைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் தமையனாருக்கு நான் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “நல்லது என்று சொன்ன இந்தூர்க்காரர்கள்கூட மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லையா?” என்றார். “இல்லை அண்ணா, ஒருவரும் சொல்லவில்லை” என்றேன். அதன்பின் அவர் மாத்திரைகளைத் தவறவிடவில்லை. கஷாயத்தையும் விடவில்லை. மருத்துவரிடம் சொல்லி, அவர் வரம்பு வகுத்தபின் வாரத்தில் சில நாள் பாலில் காய்ச்சிக் குடித்துவந்தார். இப்படியே மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். அதில் மருதின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் என்னால் சொல்ல இயலாது. ஒருவரைக் கொண்டு கணக்குப் போட முடியாது என்பதைத்தானே இத்தனை ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன்.

மரத்தின் தரப்பிலும் ஒரு வழக்கு உண்டு. பட்டைக்கு விலை ஏறியதும் கோடரிகள் புறப்பட்டுவிடுகின்றன. மரத்தைச் சுற்றிலும் வளையமாகப் பட்டையை உரித்தால், இலையில் ஆன உணவு வேருக்கு இறங்கும் வழி அறுபடும். மரம் நின்றபடியே சாகும். ஜபல்பூர் வெப்பமண்டல வன ஆராய்ச்சி நிலையத்தார், உட்பட்டையைக் காயப்படுத்தாமல் அடிமரத்தின் ஒரு பகுதியில் மட்டும் மேற்பட்டையை எடுத்தால் புதுப்பட்டை வளர்ந்து மூடும் என்று காட்டியிருக்கின்றனர். எங்கள் பக்கத்துக் காவிரிக்கரைக் காடு 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு சுள்ளியையும் எடுத்தல் கூடாது. மருதின் உச்சிகளில் வாழும் சாம்பல் நிற அணில்களுக்கும் அது வீடு.

ஆகவே என் வகுப்புச் சோதனைகளுக்கு வேண்டிய பட்டையை ஊர் ஏரிக்கரை மருதின் அடியில் பொறுக்கினேன். அண்ணாவின் பொட்டலத்தில் எஞ்சியதையும் எறிந்துவிடவில்லை. இரண்டையும் இரண்டு கண்ணாடிச் சாடிகளில் இட்டு, நான் பணியாற்றிய பள்ளியின் ஆய்வகத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சீட்டு: மரத்தின் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள். முதற்சாடியில் மூன்று வரிகளும் நிரம்பியிருக்கின்றன. இரண்டாவதில் பெயருக்கு நேரே கருமருது என்று என் கையெழுத்து. மற்ற இரண்டு வரிகளும் வெறுமையாகவே இருக்கின்றன.